துக்கப்பட்டவர்களுக்கு அனுமதி இல்லை

சுஹைலாவுக்கு மீதமிருந்தது ஒரே ஆசை. தன் மகன் பெயரை, அவனைச் சுட்டவர்களின் மொழியிலேயே, அவர்கள் ஊர் மேடையில் ஏறி நின்று தன் வாயால் ஒரு தடவை சொல்ல வேண்டும். இது என்ன பெரிய ஆசையா? நிலம் கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை, சுட்டவனைத் தூக்கில் போடு என்றுகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் கிடைத்திருக்குமா என்பது வேறு விஷயம்.

முஹன்னத் சாகும்போது அவனுக்குப் பதினாறு வயது. வசந்த காலம். இளசாக நாலு திராட்சை இலை பறித்துக்கொண்டு வந்தால் அம்மா அரிசியும் கறியும் வைத்துச் சுருட்டி வேகவைப்பாள் என்று பையை எடுத்துக்கொண்டு தங்கள் சொந்தத் தோட்டத்துக்குப் போனான். மேட்டில் நின்ற இஸ்ரேலியப் படைவீரனுக்கு அந்தப் பை வேறு என்னவோ போலத் தெரிந்ததாம். மறுநாள் அந்தப் பக்கத்து வானொலியில் 'சந்தேகத்துக்குரிய ஒருவர்' என்றார்கள். பெயர் சொல்லவில்லை. விசாரணை என்று ஒன்று நடந்தது, யார்மேலும் தப்பில்லை என்று மூடிவிட்டார்கள். பிள்ளை போன துக்கம் ஒரு பக்கம் இருக்க, அந்த 'ஒருவர்' என்ற சொல் சுஹைலாவை நின்று கொன்றது. மூத்த பிள்ளையின் பெயரைச் சொல்லித்தான் அந்த மலைநாட்டில் தாய் தகப்பனைக் கூப்பிடுவார்கள். ஊரே அவளை உம்மு முஹன்னத், முஹன்னத்தின் தாய் என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவன் அவர்களுக்கு வெறும் 'ஒருவரா'?

அந்த வயிற்றெரிச்சலோடுதான் அவள் அந்தக் குழுவுக்குப் போனாள். இஸ்ரேலியரும் பாலஸ்தீனியரும், சண்டையில் பிள்ளையையோ பெற்றவர்களையோ கூடப்பிறந்தவர்களையோ பறிகொடுத்தவர்கள், ஒன்றாகக் கூடும் குழு. சமாதானம் பேச அவள் போகவில்லை, திட்டப் போனாள். முதல் கூட்டத்திலேயே எழுந்து நின்று, மொழிபெயர்க்கிறவனுக்கு மூச்சு வாங்கும் அளவுக்குத் திட்டித் தீர்த்தாள். எதிரே தலையில் துணி கட்டிய ஒரு யூதப் பெண் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, "முடிச்சிட்டியா? இப்ப நான் திட்டட்டுமா?" என்றாள்.

அவள்தான் திர்ஸா. ஜெருசலேமில் பேருந்தில் வெடித்த குண்டுக்கு மகள் ஹதஸைக் கொடுத்தவள். ஓய்வு நாளில் அடுப்பு மூட்டாத, நோன்பு தவறாத பக்திக்காரி. அவளும் பாக்கி வைக்காமல் திட்டினாள். அதற்குப் பிறகு இருவருக்கும் திட்ட எதுவும் இல்லாமல் போனதால் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதார்கள். அன்றிலிருந்து வாரம் தவறாமல் தொலைபேசிப் பேச்சு. சுஹைலாவின் ஹீப்ரு முழுக்கத் திர்ஸா கற்றுக்கொடுத்தது; அதில் வசைச்சொற்கள் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தன.

இஸ்ரேலில் வசந்த காலத்தில் நினைவு நாள் வரும். முந்தின மாலை எட்டு மணிக்கு நாடு முழுக்கச் சங்கு ஊதும். எல்லாரும் இருக்கிற இடத்தில் நின்று போரில் செத்த தங்கள் ஆட்களை நினைப்பார்கள். அதே மாலையில் இந்தக் குழு டெல் அவிவில் ஒரு மண்டபத்தில் கூட்டம் போட்டு, இரண்டு பக்கத்துச் சாவுகளையும் ஒரே மேடையில் நினைக்கும். அதைப் பொறுக்குமா ஊர்? மண்டபத்துக்கு வெளியே ஒரு கும்பல் நின்றுகொண்டு, உள்ளே போகிற தாய்மார்களைப் பார்த்து, இன்னொரு பிள்ளையும் உனக்குச் சாகட்டும் என்று கத்தும். திர்ஸாவின் முகத்தில் ஒருமுறை எச்சில் விழுந்தது. இந்தப் பக்கமும் குறைச்சல் இல்லை. சுஹைலா வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆசிரியைகள் அவளோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். மகன் ரத்தத்தையே மையாகத் தொட்டு அவர்களோடு கையெழுத்துப் போடுகிறாள் என்று சந்தையில் பேசினார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

இத்தனை பேச்சு வாங்கியும் அவள் அந்த மண்டபத்துக்குள் ஒருமுறைகூடக் கால் வைத்ததில்லை. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். மகன் செத்த வாரத்திலேயே அவள் பெயரில் தடை விழுந்திருந்தது. வருஷா வருஷம் அவள் பேசியதைப் படம் பிடித்துக்கொண்டு போய்த் திரையில் காட்டினார்கள். திரையில் தெரியும் பாலஸ்தீனத் தாயைப் பார்த்து அழுவது எல்லாருக்கும் சுலபம் என்பது அவள் எண்ணம். பக்கத்தில் உட்கார்ந்து, கால் இடித்து, கழிப்பறை எங்கே என்று கேட்கும் தாயைத்தான் அவர்கள் பார்க்க வேண்டும் என்று திர்ஸாவிடம் சொல்லிக்கொண்டே இருந்தாள். வக்கீல் வைத்து, நடையாய் நடந்து, போன வருஷம்தான் அந்தத் தடையை நீக்க முடிந்தது.

அரசாங்கத் தடை நீங்கியபோது வீட்டுத் தடை வந்தது. கணவர் செத்தபின் அவளுக்கு வீட்டுப் பெரியவர் கணவரின் அண்ணன் அபூ ராமிஸ். கல்குவாரி வைத்திருந்தார், கல்லைப் போலவே பேச்சும். "செத்த புள்ளையச் சொல்லிக்கிட்டு அவனுங்ககூட போய் உக்காருவியா? வீட்டுல நாலு செவுரு இருக்கு, அதுங்கிட்ட சொல்லு பேரை" என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் குடும்பத்தில் யாரும் வாய் திறக்கவில்லை.

அந்தக் குளிர்காலத்தில் அவருடைய மகன் ராமிஸும் செத்தான். குவாரியிலிருந்து வண்டி ஓட்டிக்கொண்டு வந்தவன். நில் என்று சொன்னோம், நிற்கவில்லை, சுட்டோம் என்றார்கள். வண்டியின் கண்ணாடி ஏற்றியிருந்தது, மழை பெய்துகொண்டிருந்தது, அவனுக்கு என்ன கேட்டிருக்கும் என்று யாரும் கேட்கவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை.

துக்க வீட்டில் மூன்று நாளும் சர்க்கரை போடாத கசப்புக் காபி ஓடிக்கொண்டே இருக்கும். இரண்டாம் நாள் பிற்பகல் குழுவிலிருந்து நாலைந்து பேர் வந்தார்கள். அவர்களில் திர்ஸாவும் இருந்தாள். அபூ ராமிஸ் வா என்று சொல்லவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. துக்கத்துக்கு வந்தவர்களை வாசலில் நிறுத்தும் கேவலம் அந்த ஊரில் கிடையாது. ஆண்கள் உட்கார்ந்திருந்த கூடத்தில் அவர்களை உட்காரவைத்து, மொழிபெயர்க்க சுஹைலாவைக் கூப்பிட்டார்கள். சின்னக் கோப்பைகளில் காபி வந்தது. எல்லாரும் குடித்தார்கள். திர்ஸா மட்டும் கோப்பையை மரியாதையாக இரண்டு கையாலும் வாங்கி, மெதுவாகத் தன் முன்னே கீழே வைத்தாள்.

கூடம் கப்பென்று அடங்கியது. அந்த ஊரில் விருந்தாளி காபியைத் தொடாமல் கீழே வைத்தால் ஒரே அர்த்தம்தான். அவர் ஒரு கோரிக்கையோடு வந்திருக்கிறார்; வீட்டுக்காரர் வாக்குக் கொடுக்கும்வரை குடிக்க மாட்டார். பெண் கேட்டு வருகிறவர்களும் கொலைப் பகை தீர்க்க வருகிறவர்களும் அப்படித்தான் கோப்பையை வைப்பார்கள். குடிக்காமலேயே விருந்தாளி எழுந்து போனால் அந்த வீட்டுக்குத் தலைமுறைக்கும் இழுக்கு. இருபது முப்பது ஆண்கள் அந்தக் கோப்பையையே பார்த்தார்கள். அபூ ராமிஸின் முகம் கறுத்தது. மகனைப் புதைத்த மண் நகக்கண்ணில் இன்னும் போகவில்லை, அதற்குள் இந்த யூதச்சி வந்து கேட்கிறாள். ஆனாலும் அவர் அந்த மண்ணின் மனிதர்.

"குடிங்க," என்றார். "நீங்க கேட்டு வந்தது உங்களுக்குக் கிடைச்சாச்சு."

சுஹைலா அதை மொழிபெயர்த்ததும் திர்ஸாவின் முகம் வெளுத்துவிட்டது. குனிந்து சுஹைலாவின் காதில் சொன்னாள். "நான் எதுவும் கேக்க வரலைடி. இன்னைக்கு எங்களுக்கு நோன்பு. வானத்துல நட்சத்திரம் தெரியுற வரைக்கும் பச்சத்தண்ணிகூட கிடையாது. வேணாம்னா தப்பா எடுத்துப்பாங்களேன்னு கையில வாங்கினேன்."

சுஹைலா மறைத்திருக்கலாம். துக்க வீட்டில் பொய் சொல்ல மனம் வராமல் அப்படியே சொல்லிவிட்டாள். மூலையில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். இரண்டு நாளில் அந்தக் கூடத்தில் கேட்ட முதல் சிரிப்பு அதுதான். அபூ ராமிஸ் மீசையைத் தடவிக்கொண்டார்.

"வாக்கு வாயை விட்டுப் போயாச்சு, ஊரே கேட்டாச்சு," என்றார் கடைசியில். "அதைத் திரும்ப முழுங்க நான் என்ன மந்திரியா? ஏதாவது கேக்கச் சொல்லு அந்தம்மாவை."

திர்ஸா சுஹைலாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு, இந்த வருஷம் நினைவு நாள் கூட்டத்துக்கு உம்மு முஹன்னத்தை அனுப்ப வேண்டும், முஹன்னத் பெயரையும் ராமிஸ் பெயரையும் அவள் அங்கே சொல்ல வேண்டும் என்று கேட்டாள். சுஹைலா அதை அப்படியே மொழிபெயர்த்தாள். அபூ ராமிஸ் எழுந்து வெளியே போய்விட்டார். பொழுது சாயும்வரை உள்ளே வரவில்லை. இருட்டி, நட்சத்திரம் தெரிந்ததும், திர்ஸா ஆறிப்போன அந்தக் கசப்பை ஒரே மடக்கில் குடித்துவிட்டுக் கிளம்பினாள். வாசலில் நின்றிருந்த அபூ ராமிஸ் அவளைப் பார்க்காமல், வாக்கு வாக்குதான் என்று மட்டும் சொன்னார். பிறகு ஊருக்குள் கேட்டவர்களுக்கெல்லாம், பட்டினி கிடந்தே என் கழுத்தைப் பிடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். அதில் கோபம் பாதி, மெச்சல் பாதி.

வசந்தம் வந்தது. குழு எல்லாருக்கும் சேர்த்து விண்ணப்பித்தது. கூட்டத்துக்கு ஒரு வாரம் முன்னால் சுஹைலாவின் தொலைபேசிக்கு அனுமதி கிடைத்ததாகச் செய்தி வந்தது. அவள் சொல்ல வேண்டியதை ஹீப்ருவில் எழுதி, குளியலறைக் கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிச் சொல்லிப் பழகினாள். அதில் நாகரிகமான சொற்கள் நிறைய இருந்தன: வலி, நம்பிக்கை, கைகோப்பது. சொல்லும்போதே அவளுக்கு எரிச்சல் வந்தது. கடைசியில் எல்லாவற்றையும் அடித்துவிட்டு இரண்டு பெயர்களையும் வயதையும் மட்டும் வைத்துக்கொண்டாள்.

அன்று மாலை அபூ ராமிஸே தன் வண்டியில் அவளைச் சோதனைச் சாவடிவரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது, "ராமிஸ் பேரைச் சொல்றப்போ குரல் நடுங்கக் கூடாது. நடுங்கினா அவனுங்களுக்குத்தான் கொண்டாட்டம்," என்றார். நடுங்காது என்று அவள் சொன்னாள். அவர் வண்டியைத் திருப்பாமல் அங்கேயே ஓரமாக நின்றார்.

நினைவு நாளுக்கென்று எல்லையை மூடியிருந்தார்கள். வேலைக்குப் போகிற கூட்டம் இல்லை. குழுக்காரர்கள் மட்டும் இரும்புச் சுழல்கதவு வழியாக ஒவ்வொருவராகப் போனார்கள். கண்ணாடிக்குப் பின்னால் பின்னல் போட்ட ஒரு பெண் சிப்பாய் உட்கார்ந்திருந்தாள். இருபது வயது இருக்கும்; துப்பாக்கி அவள் மடியில் குறுக்கே கிடந்தது. சுஹைலா தன் அடையாள அட்டையைக் கருவியின் மேல் வைத்தாள். சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி வைக்கச் சொன்னாள் அந்தப் பெண். மறுபடியும் சிவப்பு.

"உங்களுக்குத் தடை இருக்கு," என்றாள்.

"அது போன வருஷமே எடுத்தாச்சு. செய்தி வந்திருக்கு, பாரு," என்று சுஹைலா தொலைபேசியைக் கண்ணாடியில் வைத்துக் காட்டினாள்.

அந்தப் பெண் அட்டையை உள்ளே வாங்கிக்கொண்டு திரையைப் பார்த்தாள், செய்தியைப் பார்த்தாள், யாரையோ கூப்பிட்டாள். ஓர் அதிகாரி வந்தான். கெட்டவன் போலத் தெரியவில்லை. அவனைப் பார்த்தால் பாதிச் சாப்பாட்டில் எழுப்பிவிட்ட ஆள் மாதிரி இருந்தது. நன்றாக அரபு பேசினான். பழைய தடை இல்லைதான், இது புதுசு என்றான். உங்கள் வீட்டில் குளிர்காலத்தில் ஒரு சாவு. கொல்லப்பட்டவரின் நெருங்கிய சொந்தக்காரர்களுக்குத் தானாகவே தடை விழுந்துவிடும். அனுமதி கொடுத்தவர்கள் கவனிக்கவில்லை, இயந்திரம் கவனித்துவிட்டது. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் பழிவாங்கும் எண்ணம் வரலாம் என்பது விதி. தன்னால் ஒன்றும் செய்ய முடியாது.

சுஹைலாவுக்கு முதலில் புரியவே இல்லை. புரிந்தபோது சிரிப்புத்தான் வந்தது. துக்கம் நடந்தவர்களுக்கான கூட்டம் அது. துக்கம் நடக்காதவர்களுக்கு அங்கே என்ன வேலை? கல்யாணத்துக்கு யார் வேண்டுமானாலும் வரலாம், மாப்பிள்ளை மட்டும் வரக்கூடாது என்பதுபோல ஒரு சட்டம். அவர்களே சுட்டார்கள். சுட்டதால் நீ துக்கப்பட்டவள், துக்கப்பட்டதால் நீ ஆபத்தானவள், ஆபத்தானதால் அழுவதற்குக்கூட வராதே. அடித்தவனே வந்து, அழுகிறாயே, நீ திருப்பி அடிப்பாய் போலிருக்கிறதே என்று வாயைக் கட்டுகிறான். இந்த நியாயத்தை எந்தத் தராசில் வைத்து நிறுப்பது?

"நான் பழி வாங்குற ஆளா? என்னைப் பாருங்க, எனக்கு மூட்டு வலி," என்றாள்.

அதிகாரி பதிலுக்குத் தோளைக் குலுக்கினான்.

மற்றவர்கள் நாங்களும் போகவில்லை என்றார்கள். அவள் கத்தி அவர்களைப் பேருந்தில் ஏற்றி அனுப்பினாள். சத்தம் கேட்டு அபூ ராமிஸ் கம்பி வேலிக்கு வந்தார். என்ன என்று கேட்டார். அவள் சொன்னாள். அவர் வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப என் புள்ளதான் உன்னை நிறுத்திட்டானா?" என்றார்.

இல்லை, இல்லை என்று அவள் பதறினாள். அவர் கேட்கவில்லை. பக்கத்தில் கிடந்த கான்கிரீட் கட்டையில் போய் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். வாக்குக் கொடுத்து, ஊர்ப் பேச்சு வாங்கி, அத்தனை வெறுப்பையும் விழுங்கிக்கொண்டு தம்பி மனைவியை அழைத்துவந்த மனிதரிடம், உன் செத்த மகன் பெயரால்தான் கதவைப் பூட்டியிருக்கிறோம் என்று சொல்கிறார்கள். மரத்திலிருந்து விழுந்தவனை மாடு ஏறி மிதித்த கதை என்பார்களே, இங்கே மரத்திலிருந்து தள்ளிவிட்டதும் அந்த மாடுதான்.

திர்ஸா மறுபக்கம் காரோடு காத்திருந்தாள். சுஹைலாவை அழைத்துப்போக வந்தவள், விஷயம் தெரிந்ததும் தலைத்துணி நழுவ ஓடிவந்து வேலியை உலுக்கினாள். அதிகாரியைக் கூப்பிட்டுக் கத்தினாள். அவள் கத்தியது சுஹைலாவுக்கு முழுசாகக் கேட்டது.

"என் மகளும்தான் செத்தா. ஒரு அரபுக்காரன்தான் கொன்னான். நான் பழி வாங்குவேன்னு என்னை எங்கேயாவது நிறுத்தினீங்களா? வருஷா வருஷம் வீட்டுக்குப் பூங்கொத்து அனுப்புறீங்க. அவளுக்கு இதா?"

"நீங்க வேறம்மா," என்றான் அதிகாரி.

"என்ன வேற? நான் பெத்தது புள்ள, அவ பெத்தது என்ன?"

அவன் உள்ளே போய்விட்டான்.

திர்ஸா வேலியருகே வந்தாள். நடுவில் இரண்டு வரிசைக் கம்பி. விரல் நுழையும், கை நுழையாது. தொலைபேசியில் மண்டபத்தைப் பிடித்துத் தருகிறேன், இங்கிருந்தே பேசு, ஒலிபெருக்கியில் போடுவார்கள் என்றாள். சுஹைலா மாட்டேன் என்றாள். இத்தனை வருஷம் குரலை மட்டும் அனுப்பியது போதும். உடம்பு இங்கே நிற்க, குரல் மட்டும் போய்ச் சமாதானம் பேசினால், பார்த்தாயா, அவர்களை உள்ளே விடாமலேயே எல்லாம் நன்றாக நடக்கிறது என்பார்கள்.

"அப்ப நீ கிளம்பு. மேடையில உனக்காகக் காத்திருப்பாங்க," என்றாள் சுஹைலா.

"காத்திருக்கட்டும்," என்றாள் திர்ஸா.

"போடி. உன் மக பேரை நீ சொல்ல வேணாமா?"

"உன்னை இங்க விட்டுட்டுப் போய்ச் சொன்னா அவளே என்னை ஏத்துக்க மாட்டா. பேசாம நில்லு."

அப்போது சங்கு ஊதியது. மலை மேலிருந்த யூதக் குடியிருப்பிலிருந்து முதலில், பிறகு சாவடியின் ஒலிபெருக்கியிலிருந்து, காதைத் துளைத்துக்கொண்டு. நடந்துகொண்டிருந்த சிப்பாய்கள் நடந்த இடத்திலேயே நின்றார்கள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த பெண் எழுந்து, துப்பாக்கியைத் தோளில் மாட்டி, கைகளைப் பக்கத்தில் ஒட்டித் தலை குனிந்து நின்றாள். திர்ஸா வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணை மூடி நின்றாள். சுஹைலாவும் நின்றாள். முதுகை நிமிர்த்தி, அந்தப் பெண்ணுக்கு நேர் எதிரே. அபூ ராமிஸ் எழுந்திருக்கவில்லை. அந்தச் சங்கு அவர்களுடையது, அதற்கு அவர் ஏன் எழ வேண்டும்?

சங்கு அடங்கியது. அந்தப் பெண் தலை நிமிர்ந்தபோது சுஹைலா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அது பிடிக்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. குரல் கடுமையாக வந்தது.

"நீங்க ஏன் நின்னீங்க? இது உங்களுக்கு இல்லை."

"என் புள்ளைக்காக நின்னேன்," என்றாள் சுஹைலா. ஹீப்ருவில், ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். "முஹன்னத். பதினாறு வயசு. என் புருஷனோட அண்ணன் புள்ளைக்காக நின்னேன். ராமிஸ். இருபத்தஞ்சு." அவள் குரல் நடுங்கவில்லை. மூவாயிரம் பேர் இருக்கும் மண்டபத்தில் சொல்ல வைத்திருந்ததை ஒரே ஒருத்தியிடம் சொல்லியாகிவிட்டது. அந்த ஒருத்தியும் காதைப் பொத்திக்கொள்ளவில்லை.

"நீ யாருக்காக நின்னே?"

அந்தப் பெண் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. சொல்லாமல் இருந்துவிடுவாள் என்றுதான் சுஹைலா நினைத்தாள்.

"அண்ணனுக்காக," என்றாள். "ஜெனின் ஊர்ப் பக்கம் நடந்த சண்டையில. நாலு வருஷம் ஆச்சு."

சுஹைலா அவள் தோளில் தொங்கிய துப்பாக்கியைப் பார்த்தாள். உடன்பிறந்தவரைப் போரிலோ குண்டுவெடிப்பிலோ இழந்தவர்களை அந்தப் படையில் ஆயுதம் ஏந்தும் பணிக்கு எடுப்பதில்லை, தாய் தகப்பன் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டால் ஒழிய. இதைத் திர்ஸாதான் அவளுக்கு ஒருமுறை சொல்லியிருந்தாள். என் இரண்டாவது பிள்ளைக்காகக் கேட்டார்கள், நான் போடவில்லை என்று.

"அப்ப உங்கம்மா கையெழுத்துப் போட்டாங்களா?"

"போட மாட்டேன்னாங்க. நான் விடலை. அழுது போடவெச்சேன்."

"போட்டதும் இதைக் கையில குடுத்துட்டாங்க."

"ஆமா."

"உன்னை யாரும் கேக்கலையா? அண்ணன் செத்திருக்கான், இவ கையில துப்பாக்கி குடுத்தா பழி வாங்குவாளேன்னு?"

அந்தப் பெண்ணின் கை துப்பாக்கி வாரைப் பிடித்தது. "இல்லை," என்றாள்.

"என்னையும் கேக்கலை. கேக்காமலே எழுதிட்டாங்க. நீ கேளு. இப்பக் கேளு."

"அம்மா, பின்னாடி போங்க."

"கேளு பொண்ணே. கேட்டுட்டுப் போன்னு சொல்லு, போயிடுறேன்."

ஒலிபெருக்கி கரகரத்தது. அதிகாரியின் குரல், வாசலைக் காலி செய்யச் சொல்லிற்று. அந்தப் பெண் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுத் திரும்பினாள். கேட்கும்போது குரல் இறங்கியிருந்தது. சிப்பாய்க் குரலாக இல்லை.

"பழி வாங்குவீங்களா?"

"தினம் காலையில கண்ணு முழிச்சதும் அதுதான் தோணும்," என்றாள் சுஹைலா. "அவன் படுத்திருந்த இடம் காலியாக் கிடக்கும். சுட்டவன் எங்கேயோ காபி குடிச்சுக்கிட்டிருப்பான்னு தோணும். அவங்கம்மாவும் இப்படி ஒரு படுக்கையப் பாக்கணும்னு தோணும். தோணாதுன்னு சொன்னா நான் பொய்க்காரி. அதையெல்லாம் முழுங்கிட்டுத்தான் எந்திரிச்சு, குளிச்சு, உங்க பாஷையப் படிச்சு, உங்க செத்தவங்களுக்கும் சேத்து அழலாம்னு இங்க வந்து நிக்கிறேன். உனக்குத் தோணலையா?"

வேலிக்கு அப்பால் திர்ஸா மூச்சுவிடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தோணும்," என்றாள் அந்தப் பெண்.

"அப்ப உன்னை யார் நிறுத்தினாங்க?"

ஒலிபெருக்கி மறுபடி அதே உத்தரவைச் சொன்னது. இந்த முறை சத்தமாகச் சொன்னது. அந்தப் பெண் பதில் சொல்லவும் இல்லை, போகச் சொல்லவும் இல்லை. சுஹைலாவின் அட்டையை எடுத்து, கண்ணாடிக்கு அடியிலிருந்த இடுக்கில் இந்தப் பக்கம் தள்ளினாள். அதைத் தள்ளிய விரல்கள் அட்டையின் மேலேயே கொஞ்ச நேரம் இருந்தன.

சுஹைலா அட்டையை எடுக்கவில்லை. பதிலுக்காக நின்றாள்.